நாலாவது ஸ்க்ரூ

"நூத்தி ஒரு டிகிரி!" என்று பன்னீர்செல்வம் அலறியபோது, யாருக்கோ காய்ச்சல் என்று மனைவி லோகநாயகி பதறவில்லை. பத்து நாளாக அந்த வீட்டில் சூடு என்றால் கம்ப்யூட்டரின் சூடுதான். பத்து நிமிடம் ஓடினால் பிராசஸர் கொதித்து, பெட்டி பட்டென்று அணைந்துவிடும்.

"கடையில குடுத்துடலாம்பா. சனிக்கிழமை நானே வந்து எடுத்துட்டுப் போறேன்" என்று மகன் பாலா போனில் சொன்னதுதான் அவரை அதைவிடச் சுட்டது. முப்பத்திரண்டு வருடம் அணு உலையைக் குளிர வைக்கும் பிரிவில் இருந்துவிட்டு, இரண்டு மாதம் முன்புதான் ஓய்வு பெற்றவர். பிஸ்கட் அளவு பிராசஸரைக் குளிர வைக்க இன்னொருவனா? மானம் என்ன ஆவது?

ஓய்வு பெற்ற புதிதில் சமையலறையில்தான் குடியிருந்தார். குக்கர் விசிலுக்கு லாக் புக் போட்டார். கடுகு வெடிக்கும் நேரத்தைக்கூடக் குறித்து வைத்தார். இப்போது அதற்கெல்லாம் ஏது நேரம்?

"கூலர் ஃபேன் மேல பாத்து ஊதுது லோகு. சூடு மூடியில முட்டி அங்கயே சுத்துது. பின்பக்கமா திருப்பிட்டா வெளிய போயிடும்."

"உங்களால முடியாததா?" காபியை வைத்துவிட்டுப் போனாள்.

திருப்பினார். சூடு நாற்பத்தைந்துக்கு இறங்கியது. மறுநாள் பழையபடி நூறு. திறந்து பார்த்தால், கூலரின் நான்கு ஸ்க்ரூவில் நாலாவது கழன்று, கூலர் ஒருபக்கம் தூக்கிக்கொண்டு நின்றது.

"பக்கவாட்டுல தொங்குதில்ல, வெயிட் இழுக்குது."

பெட்டியையே ஜன்னலோரம் படுக்கப் போட்டார். கடல்காற்றும் கிடைக்கும் என்று கணக்கு. அடுத்த நாள் அதே ஸ்க்ரூ கழன்றிருந்தது. கூடவே உள்ளே ஒரு கைப்பிடி மாமல்லபுரத்து மணல்.

"ஈசிஆர் ரோட்டுல போற பஸ்! அந்த அதிர்வுதான்!" என்று துள்ளி எழுந்து, பக்கத்துத் தெருவில் சிற்பக்கூடம் வைத்திருக்கும் தர்மராஜிடம் ஓடினார்.

"இன்னா சார், கம்ப்யூட்டருக்குப் பீடமா?" தர்மராஜ் சிரித்தார். "நம்ம பீடத்துல குந்தின சாமியே அசையாது. எட்த்துக்கினு போ சார்."

நான்கு பேர் தூக்கி வந்த கருங்கல்லை மேசை தாங்கவில்லை. கால் முறிந்தது, கல் இறங்கிய இடத்தில் இரண்டு டைல்ஸ் நொறுங்கின. நல்லவேளை, பெட்டி அவர் மடியில் இருந்தது.

"இது வூடா, சிலைப் பட்டறையா?" வீட்டு வேலைக்கு வரும் ரெபேக்காள் துடைப்பத்தோடு வந்தாள். "இந்தத் தேங்கா நெம்புற கத்தி வேற மொன வளைஞ்சி கீது. தெனம் நிமித்திக்கினே கீறேன்."

லோகநாயகி அவசரமாகக் கத்தியை வாங்கி உள்ளே வைத்தாள்.

வெள்ளிக்கிழமை. நாலாவது ஸ்க்ரூ மறுபடி கழன்றிருந்தது. பன்னீர்செல்வம் ஸ்க்ரூடிரைவரைக் கீழே போட்டார்.

"எனக்கு வயசாயிடுச்சு லோகு. கை மறந்துடுச்சு."

அவர் குரல் உடைந்து அவள் கேட்டதே இல்லை. அலமாரியிலிருந்து பசை டியூபை எடுத்து வந்து நீட்டினாள்.

"இதைப் போட்டு இறுக்குங்க. அப்புறம் யாராலயும் கழட்ட முடியாது."

சனிக்கிழமை பாலா வந்து பார்த்தான். நாற்பத்திரண்டு டிகிரி. மூன்று மணி நேரம் ஆகியும் அசையவில்லை.

"சூப்பர்பா! கடைக்காரன் உங்ககிட்ட பிச்சை வாங்கணும்."

பன்னீர்செல்வத்துக்குப் பத்து வயது குறைந்துவிட்டது. கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"அப்பாடா! இனி இதுல வேலையே இல்ல லோகு. நாளையிலேர்ந்து கிச்சன்ல உன்கூடத்தான். அந்த லாக் புக்கை எங்க வெச்ச?"

லோகநாயகி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். கூடத்தில் பெருக்கிக்கொண்டிருந்த ரெபேக்காள் நிமிர்ந்தாள்.

"யம்மா, மனசு எளகிப் பசையை நீயே எட்த்துக் குட்த்துட்ட, இனிமே தேங்கா கத்திக்கு அந்த ஸ்க்ரூ திரும்புமா? பேசாம வாஷிங் மெஷினைக் கழட்டி வுடு, சாருக்கு இன்னும் ஒரு மாசம் ஓடும்!"