சான்றுப் பொருள் நன்றாக ஓடுகிறது

அன்புள்ள மாப்பிள்ளைக்கு மாமா எழுதிக்கொள்வது. என் வலது கட்டைவிரலைத் தவிர வீட்டில் எல்லாரும் நலம். அது இன்னும் மடங்காததால் நான் சொல்லச் சொல்ல உங்கள் அத்தைதான் எழுதுகிறாள். அவளாகச் சேர்ப்பதற்கு நான் பொறுப்பல்ல.

சுவிட்சை விட்ட பிறகும் நிற்காமல் சுற்றி என் விரலை ஒடித்த டிரில்லிங் மெஷின்தான் கம்பெனிமீது நாம் போட்ட வழக்குக்கு ஒரே சான்று, யாரும் தொடக் கூடாது என்று வக்கீலாக நீங்கள் சொன்னதை மறக்கவில்லை. பீரோவில் வைத்துப் பூட்டினேன். ஆனால் வாழ்நாளெல்லாம் மிக்ஸியும் மின்விசிறியும் பழுது பார்த்தவன் வீட்டில் ஒரு பொருள் கெட்டுக் கிடந்தால் எப்படித் தூக்கம் வரும்? (தூக்கம் வந்தது, குறட்டையும் விட்டார்: அத்தை.) வெளியே எடுத்தேன்.

“மாப்பிள்ளை தொடக் கூடாதுன்னாரே!”

“தொடலடி, பாக்கத்தான் போறேன்.”

“பாக்கிறதுக்கு எதுக்குத் திருப்புளி?”

சுவிட்சுக்குள் இருந்த ஸ்பிரிங் மட்டம். இடது கையாலேயே கழற்றி நல்லதாக ஒன்று போட்டேன். பழையது எங்கே என்று கேட்காதீர்கள், குப்பை வண்டி வந்துபோய்விட்டது. மறுநாள் கம்பெனி இன்ஜினியர் ஆய்வுக்கு வந்து சுவிட்சை அழுத்தினார், விட்டார். மெஷின் நின்றது. மறுபடி அழுத்தினார், விட்டார். அப்போதும் நின்றது. “எங்க மெஷின்ல ஒரு குறையும் இல்லீங்களே ஐயா” என்று சிரித்தார். வேலை செய்தவன் நான், பேர் வாங்குவது கம்பெனியா? “உங்க மெஷின் எங்க சார் நின்னுச்சு? நிக்க வச்சது நான்!” என்று கத்திவிட்டேன். அத்தை தலையில் அடித்துக்கொண்டாள்.

அவரோ பேனாவை மூடிவிட்டு, குரலைத் தாழ்த்தி, “எங்க வீட்டுலயும் இதே மெஷின்தாங்க. அதுவும் நிக்க மாட்டேங்குது. கொஞ்சம் பாப்பீங்களா?” என்றார்.

வழக்கு பிழைத்தது, மாப்பிள்ளை! கம்பெனிக்காரர் வீட்டிலேயே அதே கோளாறு. கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். நீதிபதி முன்னால் அதை ஓடவிட்டால் போதும், என் விரல் ஆபரேஷன் செலவைக் கம்பெனி கொடுத்தே தீர வேண்டும். நானும் மறுபடி கடையைத் திறப்பேன். இந்த முறை சத்தியமாகத் தொட மாட்டேன். உடனே புறப்பட்டு வாருங்கள்.

மகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் மாமா

பின்குறிப்பு: இது அத்தை எழுதுவது, மாமாவுக்குத் தெரியாது. அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், தொடவே இல்லை. இந்தக் கடிதத்தைத் தபாலில் போடுமுன் அவர் வெளியே போயிருந்த நேரத்தில் இன்ஜினியர் தன் வீட்டு மெஷினோடு வந்து, காய்ச்சல்காரப் பிள்ளையைத் தூக்கி வந்தவர்போல வாசலில் நின்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. ஸ்பிரிங்கை நானே மாற்றிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். சும்மா சொல்லக் கூடாது, மாமா போட்டதைவிட நன்றாகவே நிற்கிறது.