காற்றை டேப் போட்டு அடைத்த ஞாயிறு

கையில் ஒரு கருவி கிடைத்துவிட்டால் கூடவே அறிவும் வந்துவிட்டதாக நம்புகிற ஆள் நான்.

மைசூரில் எங்கள் வீடு பஸ் ஓடும் சாலையை ஒட்டிய முதல் மாடி. மகளுக்கு நான்கு வயதில் மூச்சிளைப்பு வந்தது. புகையும் தூசியும் ஆகாது என்றார் டாக்டர். அன்றைக்கே காற்றிலுள்ள தூசியை அளக்கும் சின்னக் கருவி ஒன்றை வாங்கினேன். சாலைப் பக்க ஜன்னலில் வைத்ததும் சிவப்பு விளக்கு எரிந்தது. குற்றவாளி சாலைதான் என்று தீர்ப்பெழுதி (விசாரணை எல்லாம் கிடையாது), எல்லா ஜன்னல்களையும் பழுப்பு டேப்பால் ஒட்டினேன். சமையலறைப் புகையை வெளியேற்றும் விசிறியின் ஓட்டையைக்கூட விடவில்லை. அதை மட்டும் விட்டுவிடச் சொன்னாள் மனைவி செல்வி. புகை எப்படிப் பரவும் என்று அவளுக்குப் பாடம் எடுத்தேன். (அவள் பள்ளியில் அறிவியல் ஆசிரியை.)

ஞாயிற்றுக்கிழமை ராமாபுரத்திலிருந்து மாமனாரும் மாமியாரும் வந்தார்கள். நான் மாமனாருக்குக் கருவியின் பெருமையை விளக்கிக்கொண்டிருந்தபோது, மாமியார் காய்ந்த மிளகாயை எண்ணெயில் போட்டார்.

நெடி போக வழியில்லை. ஆளாளுக்கு இருமினோம். கருவி நான் அதுவரை பார்க்காத எண்களைக் காட்டியது. நான் நகத்தால் டேப்பைப் பிராண்டினேன். என் ஒட்டுவேலை அவ்வளவு உறுதி. தீப்பிடித்துவிட்டதென்று கீழ்வீட்டுக்காரர் வாளித் தண்ணீரோடு ஓடிவந்து கன்னடத்தில் விசாரித்தார். வீட்டைப் பாதுகாத்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்வதற்குப் பதில், டேப்பைப் பிய்க்க அவரையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டேன்.

மகளுக்கு இளைப்பு தொடங்கியிருந்தது. செல்வி மட்டும் பதறவில்லை. அடுப்பை அணைத்தாள். இன்ஹேலரோடு மகளைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடியின் பின்பக்கம் போய், மருந்து கொடுத்து, முதுகைத் தடவியபடி உட்கார்ந்திருந்தாள். மூச்சு சீராகும்வரை நான் படிக்கட்டில் நின்றேன். பக்கத்தில் போகத் துணிவில்லை. பிறகு கருவியைக் கேட்டு வாங்கிச் சுவர்மேல் வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது.

"பின்பக்கம் தோட்டமுங்க. இந்தக் காத்தை உள்ள விடலாம்," என்றாள். அவ்வளவுதான். அன்று மட்டுமல்ல, இன்றுவரை 'நான்தான் சொன்னேனே' என்ற வார்த்தை அவள் வாயிலிருந்து வந்ததில்லை.

அடுத்த இரண்டு வாரம் வேளாவேளைக்கு அளந்து நோட்டில் குறித்தாள். சாலையில் நெரிசல் மிகும் காலையிலும் மாலையிலும் முன் ஜன்னலை மூட வேண்டும். பின் ஜன்னல் திறந்தே இருக்கலாம். அடுப்பு எரியும்போதெல்லாம் விசிறி ஓட வேண்டும். மகளுக்கு இளைப்பு வருவது வெகுவாகக் குறைந்தது. நான் விலைக்கு வாங்கிய அறிவை அவள்தான் பயன்படுத்தினாள்.

மாமனார் இப்போதும் வந்தால் வாசலிலேயே நின்று, "ஏனுங் மாப்ள, உள்ள வந்து மூச்சு உடலாமுங்களா?" என்று கேட்கிறார். கேள்விதான் எனக்கு. பதிலுக்கு அவர் பார்ப்பது செல்வியின் முகத்தை. அவள் தலையசைத்த பிறகுதான் செருப்பைக் கழற்றுகிறார்.