லினக்ஸ் போட்ட லேப்டாப்பும் தலைகீழ் ஆடிட்டும்

இலவசமாகக் கிடைக்கிற ஒன்றை "நான் போட்டுத் தருகிறேன்" என்று ஒருவன் வாயை விட்டுவிட்டால், அந்த நிமிடத்திலிருந்து அவன் ஊருக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியவன் ஆகிவிடுகிறான். காசு கொடுத்து வாங்கிய பொருள் மக்கர் செய்தால் கம்பெனிக்காரனைத் திட்டுவார்கள். இலவசம் மக்கர் செய்தால் திட்டுவதற்கு நாம்தான் இருக்கிறோம், அதுவும் கூப்பிடு தூரத்தில்.

ஓசூர் சிப்காட்டில் பெரிய கம்பெனிகளின் பளபளக்கும் கேட்டுகளைத் தாண்டிப் போனால், லாரி திரும்ப முடியாமல் திணறும் ஒரு சந்து வரும். அதற்குள் இருக்கிறது எங்கள் பட்டறை. ஒரு பெரிய வண்டிக் கம்பெனிக்கு பிராக்கெட் செய்து கொடுக்கிறோம். (வண்டியின் அடியில் எங்கோ ஒளிந்திருக்கும் வளைந்த தகடு. வண்டி வாங்கிய யாரும் அதைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் வண்டி குப்புற விழுந்திருக்கிறது என்று அர்த்தம்.) நான் அங்கே குவாலிட்டி இன்சார்ஜ். ஓனர் முனிராஜு அண்ணனுக்கு வீட்டில் தெலுங்கு, வியாபாரத்தில் கன்னடம், எங்களைத் திட்டுவதற்குத் தமிழ். கோபம் எல்லை மீறினால் மூன்றும்.

வினை, வண்டிக் கம்பெனியின் ஆடிட் நோட்டீஸ் வடிவத்தில் வந்தது. இந்த முறை ஆடிட்டர் நேரில் வரமாட்டார், புனேயில் உட்கார்ந்தபடி வீடியோவில் பட்டறையைச் சுற்றிப் பார்ப்பார். அதோடு ஒரு புதுக் கேள்வி: கணினியில் இருக்கும் எல்லாவற்றுக்கும் முறையான லைசென்ஸ் இருக்கிறதா? எங்கள் ஆபீஸ் கணினியின் மூலையில் 'ஆக்டிவேட் செய்யுங்கள்' என்று விண்டோஸ் பல வருஷமாகக் கெஞ்சிக்கொண்டிருந்தது. நாங்கள் அதை வால்பேப்பரின் ஒரு பகுதியாகவே ஏற்றுக்கொண்டிருந்தோம்.

"ஏம்பா குணசேகரா, லைசென்ஸு கேக்கறாங்க. நம்மகிட்ட டிரைவிங் லைசென்ஸ விட்டா வேற என்ன இருக்குது?" என்றார் முனிராஜு அண்ணன்.

அவர் சிரிக்கவில்லை. ஆடிட்டில் தேறாவிட்டால் பிராக்கெட் ஆர்டர் வேறு பட்டறைக்குப் போய்விடும். ஆர்டர் போனால் இரண்டாவது ஷிஃப்ட் போய்விடும். அந்த ஷிஃப்டில் இருப்பவர்களில் பாதிப் பேர் என் தெருவில்தான் குடியிருக்கிறார்கள். அவர்கள் முகத்தில் விழிக்காமல் பால் வாங்கக்கூட என்னால் போக முடியாது.

"அண்ணா, விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போட்டுடலாம். ஃப்ரீ" என்றேன்.

"ஃப்ரீயா?" அண்ணன் முகத்தில் தீபாவளி. "எவன் குடுக்கறான்?"

"எவனும் குடுக்கலண்ணா. உலகத்துல இருக்கறவங்க எல்லாம் சேர்ந்து எழுதினது."

"அப்ப ரிப்பேரானா யாரைப் போயி கேக்கறது?"

"என்னைக் கேளுங்க."

(இந்த இரண்டு சொற்களை என் வாயிலிருந்து திரும்ப எடுத்துக்கொள்ள வழியிருந்தால், அதற்கு எந்த லைசென்ஸ் கட்டணமும் கட்டத் தயாராக இருக்கிறேன்.)

எனக்கு அதில் என்ன ஞானம் என்று கேட்பீர்கள். மகனுடைய பழைய கணினியில் லினக்ஸ் போட்டிருந்தேன். எல்லாம் ஓடியது, சத்தம் மட்டும் வரவில்லை. அதை 'அமைதியான கணினி' என்று வீட்டுக்கு வருபவர்களிடம் அறிமுகப்படுத்திக்கொண்டிருந்தேன். அந்த அவமானத்தில் நான் கற்ற பாடம் இதுதான்: லினக்ஸில் தப்பு இல்லை, அதற்குப் பொருந்தாத வன்பொருளை வாங்குகிறவனிடம்தான் தப்பு. எனவே இந்த முறை, பட்டறையைச் சுற்றிக் காட்ட வாங்கவிருந்த லேப்டாப்பைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு துளி சந்தேகத்துக்கும் இடம் வைக்கக்கூடாது என்று சபதம் எடுத்தேன்.

பெங்களூருக்குப் பஸ் ஏறினேன். கடைக்காரர் ஒரு லேப்டாப்பை எடுத்து வைத்தார்.

"இதுல ஒய்ஃபை சிப் யாரு செஞ்சது?" என்றேன்.

"சார்?"

"சிப் கம்பெனி. சில கம்பெனி சிப்புக்கு லினக்ஸ்ல டிரைவர், அதை ஓட்டற மென்பொருள், சரியா இருக்காது. அப்புறம் கிராஃபிக்ஸ் எது? சவுண்டு சிப் எது?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எல்லாரும் பிராசஸர் கேப்பாங்க, ரேம் கேப்பாங்க. ஒய்ஃபை சிப்போட வம்சம் கேட்ட முதல் ஆளு நீங்கதான். பொண்ணு ஏதாச்சும் குடுக்கப் போறீங்களா அதுக்கு?"

நான் அசரவில்லை. பையிலிருந்து பென்டிரைவை எடுத்துச் செருகி, கடையிலேயே லினக்ஸை ஓடவிட்டேன். திரையில் வெள்ளை எழுத்துகள் மளமளவென்று ஓட, கடைக்காரர் பதறிப்போய் வாசலைப் பார்த்தார். "கஸ்டமருங்க வர்ற நேரம் சார், வைரஸ் கிரஸ் விட்டுடாதீங்க!" நான்கு கடைகளில் இப்படி மிரட்டிவிட்டு, ஐந்தாவது கடையில் ஒன்றை வாங்கினேன். ஒய்ஃபை ஓடியது, சத்தம் வந்தது, மூடித் திறந்தால் தூங்கி எழுந்தது. அத்திப்பள்ளி தாண்டும்வரை அதை மடியிலேயே வைத்திருந்தேன், முதல் பிள்ளையை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவருவது போல.

பட்டறையில் பிரிண்டர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அப்புறம் பேசியது. நான் முறைப்படி ஒவ்வொரு வன்பொருளாகச் சோதித்து டிக் அடித்துக்கொண்டே வந்தேன். கடைசியில் கேமரா. பொத்தானை அழுத்தினேன். கேமராவுக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரிந்தது. அதே நேரம் வெல்டிங் பக்கம் யாரோ கூப்பிட்டார்கள். விளக்கு எரிந்தால் கேமரா ஓடுகிறது என்றுதானே அர்த்தம்? டிக். அரை மில்லி வித்தியாசம் இருந்தாலும் பிராக்கெட்டைத் தூக்கிக் கடாசுகிறவன், திரையில் என்ன படம் வருகிறது என்று எட்டிப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன்.

ஆடிட் நாள். புதுச்சட்டை போட்டுக்கொண்டு லேப்டாப் முன்னால் நான், பின்னால் முனிராஜு அண்ணன், ஓரத்தில் இன்ஸ்பெக்‌ஷன் பார்க்கும் தனலட்சுமி. அவர் கெலமங்கலத்திலிருந்து வருகிறவர், சிரிப்பை அடக்கும் சக்தி பிறவியிலேயே இல்லாதவர். புனேயிலிருந்து ஆடிட்டர் மேடம் திரையில் வந்தார். கண்டிப்பான முகம், கண்டிப்பான கண்ணாடி.

அவர் கண்ணாடியைச் சரிசெய்தார். தலையைச் சாய்த்தார். இன்னும் கொஞ்சம் சாய்த்தார். பிறகு ஆங்கிலத்தில் கேட்டார்: "மிஸ்டர் குணசேகரன், நீங்கள் ஏன் தொங்குகிறீர்கள்?"

திரையின் மூலையில் இருந்த சின்னக் கட்டத்தைப் பார்த்தேன். அங்கே நாங்கள் மூன்று பேரும் கூரையில் வௌவால்கள் போலத் தொங்கிக்கொண்டிருந்தோம்.

தனலட்சுமி 'க்ளுக்' என்றார்.

"ஒரு நிமிஷம் மேடம்" என்றேன். (அப்போது என் இதயம் அடித்த அடியில் பவர் பிரஸ் ஓட்டியிருக்கலாம்.)

விஷயம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சில லேப்டாப்புகளில் கேமராவையே தலைகீழாகப் பொருத்தியிருப்பார்களாம். விண்டோஸில் அதன் டிரைவர் படத்தைத் திருப்பி நேராக்கிக் காட்டிவிடும். லினக்ஸுக்கு அந்த ரகசியத்தை யாரும் சொல்லவில்லை. அது உள்ளதை உள்ளபடி காட்டியது.

"மொபைல்ல போடுய்யா!" என்று காதில் சீறினார் அண்ணன்.

"முடியாதுண்ணா. பட்டறைக்குள்ள மொபைல் கொண்டுவரக் கூடாதுன்னு அவங்க ரூல். நாமதான் போர்டு மாட்டியிருக்கோம்."

"எவன் மாட்டினான்?"

"நான்தான்."

அவர் தெலுங்குக்கு மாறினார்.

பதற்றத்தில் மனிதனுக்குத் தெரிந்ததெல்லாம் மறந்துபோகும், தெரியாததெல்லாம் கை வழியாக வெளியே வரும். அமைப்புகளுக்குள் புகுந்தேன். 'திரையைத் திருப்பு' என்று ஒன்று கண்ணில் பட்டது. அழுத்தினேன். திருப்பியது, என் திரையை. இப்போது புனே மேடமும் எனக்குத் தலைகீழாகத் தெரிந்தார். அவருக்கு நாங்கள் பழையபடி தொங்கினோம். அம்பை வலப்பக்கம் தள்ளினால் இடப்பக்கம் போனது, மேலே தள்ளினால் கீழே ஓடியது. மாற்றியதைத் திரும்ப மாற்றும் பொத்தானை என்னால் பிடிக்கவே முடியவில்லை. கொசுவை அடிப்பது போல அதைத் துரத்திக்கொண்டிருந்தேன்.

முனிராஜு அண்ணன் பொறுமையிழந்தார். "தள்ளு!" என்று என்னை ஒதுக்கி, லேப்டாப்பை இரண்டு கையாலும் பிடித்து அப்படியே தலைகீழாகக் கவிழ்த்தார்.

எல்லாம் நேரானது. கேமரா தலைகீழ், லேப்டாப்பும் தலைகீழ், ஆகவே மேடத்துக்கு நாங்கள் நேர். நான் ஏற்கெனவே திரையைத் திருப்பித் தொலைத்திருந்ததால் எங்களுக்கு மேடமும் நேர்.

"பாத்தியா? இதுக்குப் போயி கம்ப்யூட்டரு படிச்ச மாதிரி தட்டிக்கிட்டிருக்க" என்றார் அண்ணன்.

பட்டறைச் சுற்றுலா தொடங்கியது. திரை கீழே தொங்க, கீபோர்டு மேலே கூரை போல நீட்டிக்கொண்டிருக்க, ஒரு பக்கம் அண்ணனும் மறுபக்கம் நானும் லேப்டாப்பை சாமி சப்பரம் போலத் தூக்கிக்கொண்டு மெஷின் மெஷினாகப் போனோம். கீபோர்டுப் பக்கம் விரல் பட்டால் வினை. என் கட்டைவிரல் பட்டு ஒருமுறை மைக் அணைந்துபோனது. வெல்டிங் முறையைப் பற்றி நான் உணர்ச்சிவசப்பட்டுச் சொன்னதெல்லாம் பிரஸ் மெஷினுக்கு மட்டும்தான் கேட்டது.

கை வலியில் அண்ணன் பிடியைத் தளர்த்த, கீபோர்டு சாய்ந்து கேமராவுக்குள் வந்துவிட்டது.

"உங்கள் கூரையிலிருந்து கீபோர்டு தொங்குகிறதே, அது என்ன?" என்றார் மேடம்.

"இடத்தை மிச்சப்படுத்தறோம் மேடம்" என்றேன். (இந்தப் பதில் எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.)

மேடம் ஏதோ எழுதிக்கொண்டார். பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது. "சரி, உங்கள் கணினியின் லைசென்ஸைக் காட்டுங்கள். ஸ்கிரீன் ஷேர் செய்யுங்கள்."

ஆடிட்டே இந்த ஒரு கேள்விக்காகத்தான். ஆனால் ஷேர் செய்ய வேண்டுமென்றால் தட்ட வேண்டும். தட்ட வேண்டிய கீபோர்டு அந்தரத்தில் குப்புறக் கிடக்கிறது.

"இந்தப் பக்கம் நீங்க புடிங்கண்ணா, அந்தப் பக்கம் தனம்மா புடிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, இன்ஸ்பெக்‌ஷன் மேசைமேல் மல்லாக்கப் படுத்தேன். யாரும் டீ டம்ளர்கூட வைக்கக்கூடாது என்று நான் சட்டம் போட்டிருந்த மேசை. அவர்கள் இருவரும் லேப்டாப்பை என் மார்புக்கு மேலே பிடித்துக்கொள்ள, லாரிக்கு அடியில் படுத்து நட்டு முறுக்கும் மெக்கானிக் போல அண்ணாந்து தட்ட ஆரம்பித்தேன். தனலட்சுமி சிரிக்கச் சிரிக்க லேப்டாப் ஆடியது. எழுத்துகள் மாறி விழுந்தன. பாஸ்வேர்டை மூன்று முறை தப்பாகப் போட்டேன்.

"தனம்மா, சிரிக்காத!"

"நான் சிரிக்கல சார். அதுவா வருது."

"நகர்த்தவே கூடாதா இத? கை உடைஞ்சிரும்யா" என்று முனகினார் அண்ணன்.

புனேயிலிருந்து மேடத்தின் குரல்: "மிஸ்டர் குணசேகரன், நீங்கள் இன்ஸ்பெக்‌ஷன் மேசைமேல் படுத்திருக்கிறீர்களா?"

"ஆமாம் மேடம். மேசை சுத்தமாகத்தான் இருக்கிறது."

ஒருவழியாகப் பக்கம் திறந்தது. லினக்ஸ், இலவசம், யாரும் பயன்படுத்தலாம் என்கிற உரிமம். மேடம் வரி வரியாகப் படித்தார். அண்ணன் கை மாற்றிப் பிடித்தார். என் மூக்கு அரித்தது, சொறிய முடியவில்லை.

"லைசென்ஸ் விஷயம், ஓகே" என்றார்.

(கேமராவை அணைத்துவிட்டு, லேப்டாப்பை ஒழுங்காக மேசையில் வைத்து, நாற்காலியில் உட்கார்ந்தே தட்டியிருக்கலாம் என்பது அன்று சாயங்காலம் பாகலூர் ரோட்டில் டிராஃபிக்கில் நிற்கும்போதுதான் உறைத்தது. வண்டியிலேயே "சே!" என்று கத்தினேன். பக்கத்து ஆட்டோக்காரர் தன்னைத்தான் என்று நினைத்துப் பதிலுக்குக் கன்னடத்தில் வாழ்த்தினார்.)

ஆடிட்டில் தேறிவிட்டோம், தலைகீழ் கேமரா என்கிற ஒரே ஒரு குறையோடு. அந்தக் குறைக்கு 'ஒய்-ஒய்' எழுதி அனுப்பச் சொன்னார் மேடம். எங்கள் தொழிலில் எந்தத் தப்பு நடந்தாலும் 'ஏன்?' என்று ஐந்து முறை கேட்டு வேரைக் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும். உட்கார்ந்து எழுதினேன். ஏன் படம் தலைகீழ்? கேமரா தலைகீழ். ஏன் முன்பே தெரியவில்லை? சோதிக்கும்போது தெரியவில்லை. ஏன் தெரியவில்லை? விளக்கை மட்டும் பார்த்தோம். ஏன் விளக்கை மட்டும் பார்த்தோம்? நான்காவதில் மாட்டிக்கொண்டு விழித்தபோது அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"மீதிக்கு உன் போட்டோவ ஒட்டி அனுப்பிடு. அவங்களுக்கே புரிஞ்சிரும்."

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே செல்போன் கவர் விற்கும் கடையில், எந்தச் சிப் என்று ஒரு வார்த்தை கேட்காமல், தனிக் கேமரா ஒன்று வாங்கி வந்து செருகினேன். அந்த நொடியே படம் வந்தது, நேராக. அதைப் பார்த்து எனக்கு வந்த எரிச்சலைத் தமிழில் எழுத முடியாது.

இதோடு முடிந்திருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். ஆனால் என் ஒய்-ஒய்யை மேடம் மிகவும் சீரியஸாக எடுத்துக்கொண்டார். வண்டிக் கம்பெனி அடுத்த மாதமே தன்னிடம் சப்ளை செய்யும் எல்லாப் பட்டறைகளுக்கும் ஒரு புது விதி அனுப்பியது. ஒவ்வொரு வீடியோ ஆடிட்டுக்கும் முந்தைய நாள், கேமரா முன்னால் ஒருவர் நின்று, தன் தலை மேலேயும் கால் கீழேயும் தெரிகிறது என்று போட்டோ எடுத்து, தேதி போட்டு, கையெழுத்தோடு அனுப்ப வேண்டும்.

அதற்கப்புறம் கிருஷ்ணகிரியில் சப்ளையர்கள் கூட்டம். மதியச் சாப்பாட்டில் எனக்குப் பக்கத்து இலையில் காவேரிப்பட்டினத்துக்காரர் ஒருவர், ரப்பர் வாஷர் செய்கிறவர், பொரிந்து தள்ளினார்.

"நாப்பது வருஷமா தொழில் பண்றோம் சார். இப்ப தலை மேல இருக்குது, கால் கீழ இருக்குதுன்னு கையெழுத்துப் போட்டுக் குடுக்கறோம். எவனோ ஒரு கிறுக்கன் ஓசூர்ல தலைகீழா நின்னு ஆடிட் குடுத்தானாம்."

"அநியாயம் சார்" என்றேன் நான், அப்பளத்தை நொறுக்கியபடி. "அவனையெல்லாம் வேலைக்கு வெச்சிருக்காங்க பாருங்க, அந்த ஓனரைச் சொல்லணும்."

எதிர் இலையில் முனிராஜு அண்ணன் ரசத்தை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"நீங்களும் ஓசூர்தானே, அவன் வேலைய விட்டுப் போயிட்டானா சார்?" என்று அவரிடம் கேட்டார் வாஷர்க்காரர்.

"எங்க போறான்?" என்றார் அண்ணன், என்னையே பார்த்தபடி. "அடுத்த வாரம் ஆபீஸ்ல இன்னும் மூணு கம்ப்யூட்டருக்கு லினக்ஸ் போடறானாம்."