படத்துக்குக் கீழே என் பெயர் எங்கே?

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் பாதிக் கம்பெனிகளுக்குச் சுவர் எழுப்பியவன் நான். (மீதிக் கம்பெனிச் சுவர்களில் விரிசல் இருக்கும், போய்ப் பாருங்கள்.) வேலிக்காத்தான் முள் மண்டிக் கிடந்த இடத்தில் முதல் கடப்பாரையைப் போட்ட கை இது. கவரைப்பேட்டையில் மாடி வீடு கட்டினேன். சொந்தமாக லாரியும் பொக்லைனும் வாங்கினேன். மாரியம்மன் கோயில் மண்டபத்துக்குத் தளம் போட்டுக் கொடுத்தேன். இத்தனையும் நாலாங்கிளாஸ் படிப்பை வைத்துக்கொண்டு. அந்த நாலாவதிலும் பாதி நாள் வாத்தியார் வீட்டு மாட்டைத்தான் மேய்த்தேன். எல்லாவற்றுக்கும் மேலாக, என் மகள் ஜெயந்தியை இன்ஜினீயர் ஆக்கினேன்.

அந்த ஜெயந்திக்கு ஒரு கம்பெனியில், வேலையில் விபத்து நடக்காமல் பார்த்துக்கொள்ளும் பாதுகாப்பு அதிகாரி வேலை கிடைத்தது. இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. பாதுகாப்பு வாரத்தில் அவள் ஒரு போட்டி வைத்தாள். கம்பெனிக்குள் பட்டுப்போன தூங்குமூஞ்சி மரங்கள் இரண்டு நின்றன. கீழே தகரக் கொட்டகை என்பதால் வெட்டிச் சாய்க்க முடியாது. மேலே ஏறித் துண்டு துண்டாகக் கழற்றி இறக்க வேண்டும். குழுவுக்கு ஒரு மரம். ஒழுங்காகச் செய்பவர்களுக்குக் கேடயம், அத்தோடு வருஷம் முழுக்கக் கம்பெனி மரவேலை. பார்க்க வந்திருந்தவர் பெரிய மேனேஜர். யாருக்காவது சின்னக் கீறல் விழுந்தாலும் ஜெயந்தி வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

இப்படிப்பட்ட போட்டிக்கு நடுவர் யார்? நான்தான். (அவளாகக் கூப்பிடவில்லை. கூப்பிடும்வரை நான் சாப்பிடவில்லை.)

வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. ஷாமியானாவுக்குக் கீழே சிவப்பு நாற்காலி. மேனேஜர் கையால் பொன்னாடை. ஜெயந்தி காதோரம் குனிந்தாள்.

"நைனா, வேகத்த பாக்காத. இடுப்பு பெல்ட்டு மாட்டிக்கினு ஏறாங்களான்னு பாரு. கிளைய எப்டி எறக்குறாங்கன்னு பாரு. ஒனக்குப் புரியலன்னா என்ன கேளு."

"நீ பொறக்கறதுக்கு முன்னாடியே மரம் வெட்டுனவன்டி உன் நைனா" என்றேன். உண்மைதான். என்ன, நான் வெட்டியதெல்லாம் அடியில். தள்ளியது பொக்லைன்.

முதலில் மீஞ்சூர் டில்லிபாபு குழு. விசில், கூச்சல், கிளை விழும்போதெல்லாம் 'தொம்' என்று நிலம் அதிர்ந்தது. தகரம் ஒரு ஓரம் நசுங்கியது. நான் எழுந்து நின்று கை தட்டினேன். வேலை என்றால் சத்தம் வேண்டாமா?

அடுத்து ஆரணி ஏகாம்பரம் குழு. ஏகாம்பரம் ஏறுவதற்கு முன் மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். தட்டிப் பார்த்தார். மேலே போனதும் வேறொரு கயிற்றால் தன்னை இன்னொரு தடவை கட்டிக்கொண்டார். வெட்டப்போகும் கிளையில் கட்டிய கயிற்றை மேல்கிளைக் கவட்டியில் போட்டுக் கீழே விட்டார். கீழே நின்றவர் அதை அடிமரத்தில் சுற்றினார், மறுபடி சுற்றினார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விட, கிளை ஓசையில்லாமல் வந்து தரையில் படுத்தது.

எனக்குக் கொட்டாவி வந்தது.

"இன்னாப்பா இது, மரத்துக்குப் பூணூல் போட்டுனு கீற?" என்று கத்தினேன். "அதோ இரும்புக் கம்பம் நிக்குது, அதுல ஒரு முடிச்சு போட்டா ஆச்சு!"

"கம்பம் வேணாம் பெரியவரே" என்றார் ஏகாம்பரம் மேலிருந்து. "பாரம் வந்தா கயிறு கொஞ்சம் வழுக்கி வழுக்கிப் போணும்."

எனக்கே பாடமா? ஜெயந்தி சாப்பாட்டு வேலையைப் பார்க்கப் போயிருந்தாள். ஏகாம்பரம் தண்ணீர் குடிக்க இறங்கியிருந்தார். ஏணி சும்மா நின்றது. டில்லிபாபு ஆட்கள் வேறு, "தலைவரே, ஏறிக் காட்டு தலைவரே!" என்று ஏற்றி விட்டார்கள். கயிற்றின் ஒரு நுனியை இரும்புக் கம்பத்தில் என் கையாலேயே கட்டினேன். நல்ல முடிச்சு. அதில் இன்றுவரை யாரும் குறை சொன்னதில்லை.

பெல்ட் போடவில்லை. பொன்னாடையைக் கழற்றவில்லை. ஏறி, இருப்பதிலேயே பெரிய கிளையைத் தேர்ந்தெடுத்து, கயிற்றின் மறு நுனியைக் கவட்டி வழியாகப் போட்டு அதில் கட்டி, அறுத்தேன்.

கிளை கீழே போனது. இரும்புக் கம்பம் மேலே வந்தது.

அது ஷாமியானாவின் கம்பம் என்று யாராவது சொல்லியிருக்கலாம். கம்பத்தோடு பந்தல் துணி எழும்பி, ஒரு நிமிஷம் கோயில் குடை மாதிரி விரிந்து, மேனேஜர் உட்பட எல்லோர் மேலும், சாப்பாட்டு மேஜை மேலும் உட்கார்ந்தது. ஆடிய கிளை ஏணியைத் தட்டிவிட்டது. ஒரு குச்சி என் வேட்டியைப் பிடித்துக்கொண்டது. நான் மரத்தைப் பிடித்துக்கொண்டேன். வேட்டி மட்டும் போய்விட்டது.

"நைனா!" என்று ஜெயந்தி அலறியது கேட்டது. கீழே பார்த்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும்தான், பட்டாப்பட்டி டிராயரோடு நான் கட்டிப் பிடித்திருப்பது மரத்தை அல்ல, அவள் வேலையை என்று உறைத்தது. விழுந்தால் இரண்டு பேரும் சேர்ந்துதான் விழுவோம்.

ஏகாம்பரம் ஏறி வந்தார். திட்டவில்லை. பொன்னாடையை எடுத்து என் இடுப்பில் சுற்றினார். (மேனேஜர் செய்த மரியாதை அப்போதுதான் பயன்பட்டது.) அதன்மேல் பெல்ட்டைப் பூட்டி, கிளை இறக்கும் கயிற்றை அதில் கட்டினார்.

"மரத்த வுடு பெரியவரே."

"வுட மாட்டேன்."

"வுட்டாதான் ஊட்டுக்குப் போலாம். கண்ண மூடிக்கோ."

மூடினேன். காற்றில் தொங்கினேன். "மெதுவா... மெதுவா... ஐயோ, மெதுவாடா!" என்று எவ்வளவு நேரம் கத்தினேனோ தெரியாது. யாரோ தோளைத் தொட்டார்கள்.

"நைனா, கத்தாத" என்றாள் ஜெயந்தி. "நீ தரையில நின்னுக்கினு கீற."

கண்ணைத் திறந்தேன். நிஜம். கால் பட்டதே தெரியவில்லை.

"முதல் பரிசு ஆரணிக்கு!" என்று அங்கேயே அறிவித்தேன். உலகத்தில் எந்த நடுவர் கயிற்றில் தொங்கிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறான்?

துணிக்குள்ளிருந்து வந்த மேனேஜர் தலையில் தயிர் சாதம். "இது உங்க புரோகிராம்ல இருந்துச்சாம்மா?" என்றார்.

"ஆமா சார், பயிற்சி..." என்று நான் ஆரம்பித்தேன்.

"இல்ல சார்" என்றாள் ஜெயந்தி. "இவரு எங்க நைனா. சொன்னத கேக்கல. ஆள் இல்லாம ஏணிய வுட்டது என் தப்பு. ரெண்டையும் எழுதித் தரேன்."

அங்கேயே உட்கார்ந்து எழுதினாள். மேனேஜர் படித்தார். என்னைப் பார்த்தார். தலையிலிருந்த சாதத்தைத் துடைத்தார். "பெத்த அப்பனையே வுடல. இங்க வேற யார வுடப்போற?" என்றார். அடுத்த மாதம் வேலை நிரந்தரமானது.

இன்றும் எங்கள் வீட்டில் காஸ் சிலிண்டரை இறக்கினால், என் மனைவி கன்னியம்மா, "மெதுவாடா, ஐயோ மெதுவாடா!" என்று என் குரலிலேயே கத்துகிறாள். சிலிண்டர் போடும் பையன்கூடச் சிரிக்கிறான். போகட்டும்.

என் வழக்கு வேறு. அன்று யாரோ எடுத்த படம் பெரிதாகி, அந்தக் கம்பெனிப் பயிற்சி அறையில் தொங்குகிறது. கயிறு பிடிப்பவருக்குக் கீழே அவர் பெயர். மேலே நிற்பவருக்குக் கீழே 'ஏகாம்பரம், ஆரணி'. நடுவில் பொன்னாடையோடு தொங்குகிறவருக்குக் கீழே 'சுமை' என்று போட்டிருக்கிறார்கள்.

தப்பு எழுதின தாளில் மட்டும் என் பெயர், என் அப்பா பெயர், வயது, ஊர் எல்லாம் இருக்கிறது. நான் ஏறாவிட்டால் ஏகாம்பரத்துக்கு அந்தக் கேடயம் ஏது? ஜெயந்திக்கு நிரந்தர வேலை ஏது? அந்தச் சுவருக்குப் படம் ஏது? அந்தச் சுவரே நான் கட்டியதுதானே!

ஆகவே கம்பெனிக்காரர்களே, 'சுமை' இருக்கட்டும். பக்கத்திலேயே 'கவரைப்பேட்டை முனுசாமி' என்று போடுங்கள். கொஞ்சம் பெரிய எழுத்தாக.