வாசற்படியில் மாட்டிக்கொண்ட சீர்க்கட்டில்

வீடு மாறுகிறவனுக்குத் தனியாக எதிரி வேண்டியதில்லை. உதவிக்கு வரும் சிநேகிதன் ஒருவனே போதும். விழுப்புரத்தில் கோதண்டத்துக்கு அப்படி வாய்த்தவன் நான்.

கோதண்டம் கூட்ஸ் ஷெட் குமாஸ்தா. என்னோடு ஓட்டல் மாடி அறையில் வாசம். கல்யாணமாகி ஒரு வருஷமாகியும் அவன் மனைவி சரோஜா திண்டிவனத்தில் தகப்பன் வீட்டிலேயே இருந்தாள். மாமனார் அங்கே மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டி வைத்திருந்தார். (ஊரே அவரை மண்டியார் என்றுதான் கூப்பிடும்.) "தனியா வீடு பார்த்துப் பால் காய்ச்சுங்க மாப்ளே, பொண்ணை உட்டுட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டார்.

யுத்த காலம். வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு. அலைந்து திரிந்து ஒரு வீட்டின் பின்கட்டில் ஒற்றை அறை பிடித்தான். ஒரே கதவு, கம்பி போட்ட ஒரே ஜன்னல்.

"வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம். அதுக்குள்ள பால் பொங்கணும்டா" என்றான். "வைகாசியில இதான் கடைசி நல்ல நாளு. தவறிச்சுன்னா மாமா அடுத்த வண்டியிலயே அவளைக் கூட்டிக்கினு போயிடுவாரு. அப்புறம் ஆனி, ஆடி ரெண்டும் ஆவாது. ஆவணிதான்."

"நான் இருக்கேன், கவலைப்படாதே" என்றேன். (அவன் கவலைப்பட்டிருக்க வேண்டும்.)

புது வீட்டுக்குள் முதலில் உப்பு, மஞ்சள், செம்பில் தண்ணீர் போக வேண்டும். கோதண்டமும் அவற்றைத்தான் மாட்டு வண்டியிலிருந்து எடுத்தான். மேதாவியான நான் தடுத்தேன். "மண்டியார் வந்ததும் அவர் சீராக் குடுத்த கட்டில்லயே உக்கார வச்சா எப்படி இருக்கும்! கட்டிலை மொதல்ல போடுவோம்."

கொசுவலைக்கு நாலு கம்பு வைத்த தேக்குக் கட்டில். அவன் உள்ளே போய் இழுத்தான், நான் வெளியே நின்று தள்ளினேன். பாதி போனபிறகுதான் கவனித்தேன், கால்மாட்டுப் பக்கம் முன்னால் போய்க்கொண்டிருந்தது. (கால்மாட்டை முன்னே விட்டு யாரைத் தூக்கிப் போவார்கள் என்று உங்களுக்கே தெரியும்.)

"டேய், அபசகுனம்! திருப்பு, திருப்பு!"

திருப்பினோம். கம்பு நிலையில் இடித்தது, கால் வாசற்படியில் சிக்கியது. அதன்பின் கட்டில் உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. கோதண்டம் உள்ளே. உப்பு, மஞ்சள், பால், அடுப்பு எல்லாம் என்னோடு வெளியே.

அப்போது பார்த்து ஜங்ஷன் பக்கம் மண்டியார் வரும் ரயில் ஊதியது.

முட்டினோம், மோதினோம். சுவரில் காரை உதிர்ந்தது. "ஐயோ, என் செவுரு!" என்று வீட்டுக்கார அம்மாள் கத்தினாள். கட்டில் சட்டங்களுக்கு நடுவே கோதண்டத்தின் முகம் மட்டும் தெரிந்தது. "ரெண்டு மாசம்டா" என்றான். குரல் உடைந்துபோயிருந்தது.

ஜட்கா வந்து நின்றது. மண்டியார் இறங்கி உள்ளே வந்தார். பின்னால் சரோஜா.

"மாப்ளே எங்கப்பா?"

"உள்ளதாங்க இருக்காரு."

"இன்னா இது? ஜெயில்ல போட்டு வச்சுக்கினு இருக்கே!" மண்டியார், வீட்டுக்கார அம்மாளின் கூடத்துச் சுவர்க்கடிகாரத்தை எட்டிப் பார்த்தார். பத்தேகால். "சரியான பேஜாருப்பா. சரோஜா, வாம்மா, வண்டி ஏறு."

சரோஜா ஏறவில்லை. சட்டத்துக்கு அந்தப் பக்கம் நின்ற முகத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு என்னிடம் திரும்பி, "அண்ணே, உப்பு எங்க?" என்றாள்.

கொடுத்தேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். கட்டிலுக்கு அடியில் உப்பைத் தள்ளினாள், மஞ்சளைத் தள்ளினாள், செம்பை நகர்த்தினாள். அப்புறம் பட்டுப்புடவையோடு தவழ்ந்து அவளும் உள்ளே போய்விட்டாள்.

"ஜல்தி அண்ணே, அடுப்பு!" என்று குரல் வந்தது. கரியடுப்பையும் பாலையும் தள்ளினேன். உள்ளே ஊதும் சத்தம். புகை எல்லாம் எங்கள் முகத்துக்கே வந்தது. மண்டியார் இருமிக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அந்தப் பால் போல அழுத்தக்காரப் பாலை நான் கண்டதேயில்லை.

"பொங்கிடுச்சுப்பா!"

அவள் சொல்லி முடித்த பிறகுதான் கடிகாரம் அரைமணிக்கு 'டங்' என்று ஒன்று அடித்தது. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மண்டியாருக்கு மட்டும் ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. "ஏம்மா, வலது காலை வச்சுத்தானே உள்ள போன?"

உள்ளேயிருந்து சரோஜாவின் குரல் வந்தது. "வலது முட்டியைத்தான்பா மொதல்ல வச்சேன்."

மண்டியாரின் தொப்பை குலுங்கத் தொடங்கியது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சட்டங்களின் இடுக்கில் கையை நீட்டி, மகள் கொடுத்த பாலை வாங்கிக் குடித்தார்.

சாயங்காலம் ஆசாரி வந்து கட்டிலின் ஒரு காலை அறுத்துத்தான் மாப்பிள்ளையை விடுதலை செய்தார். செங்கல் முட்டுக் கொடுத்த அந்தக் கட்டிலில்தான் கோதண்டத்தின் பிள்ளைகள் எல்லோரும் பிறந்தார்கள்.

அந்தக் குடும்பத்தில் யார் எங்கே பால் காய்ச்சினாலும் என்னை அழைப்பார்கள். வாசலில் நிறுத்திவிடுவார்கள். நான் குனிந்து வலது முட்டியைப் படிக்கு அப்பால் ஊன்றினால்தான் அனுமதி. போன தடவை, "வயசாச்சும்மா, முட்டி மடங்கமாட்டேங்குது" என்று சரோஜாவிடம் கெஞ்சிப் பார்த்தேன்.

"அப்போ கட்டிலைத் தூக்க வர்றீங்களா அண்ணே?" என்றாள்.

முட்டி உடனே மடங்கியது.