வடதுருவத்தாரின் சுடுதண்ணி

வடதுருவத்தைப் பற்றி அங்கே குடியிருப்பவர்களுக்கே தெரியாத சங்கதிகளெல்லாம் தெரிந்த ஒரே மனிதர், குந்தாவுக்கு மேலே எங்கள் தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் லயனில்தான் இருந்தார். சொந்தப் பெயர் ரேஷன் கடைக்காரருக்கு மட்டும் தெரியும். எங்களுக்கு அவர் வடதுருவத்தார்.

இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவர். டீ பாக்டரியில் தேயிலை காயவைக்கும் அடுப்புக்கு விறகு தள்ளுகிற வேலை. வாழ்நாள் முழுக்கத் தீ முன்னால் நின்றவருக்கு, தேயிலை விலை படுத்து பாக்டரியைப் பூட்டியதும் குளிர் தாங்கவில்லை. மூன்று ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவுமாக டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோதுதான், போண்டா மடித்த தாளில் அந்தக் கட்டுரை கிடைத்தது. வடக்குக் கோடியில், மாதக்கணக்கில் சூரியனே எட்டிப் பார்க்காத ஓர் ஊரில், ஒரே இடத்தில் தண்ணீரைச் சூடாக்கி எல்லா வீட்டுக்கும் அனுப்புகிறார்களாம். அதற்கு மேல் தாள் கிழிந்திருந்தது. மீதியை அவரே நடத்திக் காட்டுவதென்று முடிவுகட்டிவிட்டார்.

அப்போது லயனில் ஒவ்வொரு குடும்பமாகத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. லயன் வீடுகள் சுவரைப் பங்கிட்டு வரிசையாக நிற்பவை. ஒரு வீட்டில் அடுப்பு அணைந்தால் பக்கத்து வீட்டுச் சுவரும் சில்லிட்டுப்போகும். பிறகு அவர்களும் மூட்டை கட்டுவார்கள். இப்படியே போனால் லயன் மொத்தமும் காலியாகிவிடும் என்பதுதான் அவர் கவலை. எங்கள் வீட்டிலும் பாத்திரங்களைச் சாக்கில் போட்டாயிற்று.

முதல் முயற்சியாக, பக்கத்து வீட்டு ராசாமணியக்காவின் சுவரில் ஓட்டை போட்டு, தன் அடுப்பின் சூட்டை அந்தப் பக்கம் அனுப்பினார். சூடு போகவில்லை, புகை மட்டும் தாராளமாகப் போனது. குளிர் தெரிகிறதா என்று ஓட்டை வழியாக விசாரித்தார். ஆளே தெரியவில்லை என்று அக்கா இருமிக்கொண்டே பதில் சொன்னார். வடதுருவத்திலும் முதலில் இப்படித்தான் ஆகியிருக்கும் என்று அடித்துச் சொல்லிவிட்டு ஓட்டையை அடைத்தார்.

அடுத்து, லயனுக்கு நடுவில் மண் அடுப்பு கட்டி, பழைய டிரம் ஒன்றைத் தேய்த்துக் கழுவி ஏற்றினார். தேயிலைச் செடியைக் கவாத்து செய்து வெட்டிப்போட்ட குச்சிகள்தான் விறகு. தண்ணீர் கொதித்தது கடைசி வீட்டுக்கும் கேட்க வேண்டுமே என்று மூடியில் ஒரு விசில் குழாயைப் பொருத்தினார்.

மறுநாள் விடியற்காலை அது ஊதியது பாருங்கள், அச்சு அசல் பாக்டரி சங்கு.

பூட்டிக் கிடந்த பாக்டரியில் சங்கு ஊதினால் என்ன அர்த்தம்? லயனே எழுந்து ஓடியது. பெண்கள் கூடையை மாட்டிக்கொண்டு, காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் வரிசை பிடித்து நின்றார்கள். என் அம்மாவும் நின்றாள். வடதுருவத்தார் கையில் குடத்தோடு வந்து பார்த்தார்.

“வேலைக்குன்னு நெனச்சு வந்துட்டோமுங்ண்ணா,” என்றார் ராசாமணியக்கா.

“இல்ல தங்கச்சி. குளிக்கத்தான் ஊதுச்சு.”

யாரும் சிரிக்கவில்லை. கூடையை இறக்கவும் யாருக்கும் மனமில்லை. அவர் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, மேஸ்திரி நிற்கிற கல்மேல் ஏறினார்.

“வந்தது வந்துட்டீங்க. சும்மா திரும்ப ஏலாது. நாலு பேரு வெறகுக்குப் போங்க. நாலு பேரு காலி வூட்டுக் கூரையப் பாருங்க. குளிச்ச தண்ணி வீணாப் போகும், அதக் கேரட்டுப் பாத்திக்குத் திருப்புங்க.”

“சம்பளமுங்க?” என்றார் அக்கா.

“ரெண்டு கொடம் சுடுதண்ணி.”

பின்வரிசையில் யாரோ சிரிக்க, களமே சிரித்தது. முதலில் விறகுக்குக் கிளம்பியது ராசாமணியக்காதான். அன்று மாலை அம்மா சாக்கிலிருந்து பாத்திரங்களை எடுத்து மறுபடி அடுக்கினாள்.

அதன்பின் தினமும் பெரட்டு நடந்தது. கூரை ஒழுகல் நின்றது, கேரட் விளைந்தது, காலி வீட்டில் பொதுச் சமையல் நடந்தது. திருப்பூர் போன சில குடும்பங்கள் திரும்பி வந்தன. கேள்விப்பட்டுப் பார்க்க வந்த அதிகாரிகளுக்கு அவர் பனிக்கரடியிலிருந்து பாடம் எடுக்க ஆரம்பித்ததில், ஒருவர் ஜீப்பிலேயே தூங்கிவிட்டார்.

தேயிலை விலை கொஞ்சம் தலைதூக்கி பாக்டரியைத் திறந்தபோது, சுற்றுவட்டாரத்தில் வேலைக்கு ஆள் வரிசையாக நின்ற லயன் எங்களுடையது ஒன்றுதான். வயதாகிவிட்டதென்று வடதுருவத்தாரை மட்டும் எடுக்கவில்லை. அவர் வழக்கம்போல டிரம் அடுப்பைப் பற்றவைக்கப் போனார். வேலைக்குக் கிளம்புமுன் ராசாமணியக்கா முதல் குடம் சுடுதண்ணியை அவர் வாசலில் வைத்துவிட்டுப் போனார். மறுநாள் அம்மா வைத்தாள். அவர் இருந்தவரை, எங்கள் லயனில் முதல் குடம் வேறு யார் வீட்டுக்கும் போனதில்லை.