புலிப்பொறி

ஒரு காட்டில், ஓடையை ஒட்டிய மேட்டில், கோரன் என்ற காட்டுப்பன்றி கிழங்குக் கொல்லை வைத்திருந்தது. பெண்டாட்டி போன பிறகு அதற்கு மிஞ்சியது அந்தக் கொல்லைதான். ஒரு நாள் காலையில் மண்ணைக் கிளறும்போது மூக்கில் சங்கிலி தட்டியது. அதன் ஒரு முனை பூமிக்குள் ஆழமாக இறங்கிப் போயிருந்தது. மறுமுனையில் துருப்பிடித்த பெரிய இரும்பு வாய் ஒன்று பல்லைக் காட்டியபடி திறந்து கிடந்தது.

குரங்கு அதைப் படம் பிடித்துக் காட்டின் வாட்ஸ்அப் குழுவில் போட்டது. யானையின் பல்செட் என்றது மான். தேனடை பிழிகிற இயந்திரம் என்றது கரடி. முயல் வழக்கம்போல் காலை வணக்கம் போட்டது.

கடைசியில் செதில் போர்த்த எறும்புத்தின்னியான அழுங்கு நேரிலேயே வந்து எட்டிப் பார்த்தது. "புலிப்பொறி" என்று ஒரே ஒரு சொல் சொல்லிவிட்டுப் பந்தாகச் சுருண்டுகொண்டது. பயந்த அழுங்கு அப்படித்தான். அதன் பிறகு யார் உருட்டினாலும் பேசாது.

சேதி கேட்டு அரசவைத் தொல்பொருள் அறிஞரான நரி ஓடி வந்தது.

"பொறின்னா முத்திரை. புலிப்பொறின்னா நம்ம அரசரோட குலமுத்திரை. முன்னோர்கள் கொடியில எல்லாம் பொறிச்சிருக்காங்க."

"எலிப்பொறின்னு சொல்றமே சாமி, அந்தப் பொறி இல்லீங்களா?" என்றது கோரன்.

"அது பேச்சுவழக்கு. இது செந்தமிழ்."

"அழுங்கு எப்பங்க செந்தமிழ் பேசுச்சு?"

"பயந்தா எல்லாரும் பேசுவாங்கப்பா."

நரி அங்கேயே ஆணை எழுதியது. கண்டெடுத்த பொருளை இருக்கும் இடத்திலிருந்து யாரும் இம்மியும் அசைக்கக்கூடாது. கொல்லை அரசவைக்குச் சேரும். புலி அரசர் படித்துப் பார்க்காமல் பாதத்தைப் பதித்தார்.

"அப்ப என் கிழங்கு?"

"வரலாறு பேசற இடத்துல கிழங்கைப் பத்திப் பேசாதே."

விழா நடந்தது. அரசர் மாலையோடு வந்தார். "முன்னோர் முத்திரையில் திருவடி பதியுங்கள், அரசே" என்றது நரி. அரசர் பதித்தார். இரும்பு வாய் படாரென்று மூடிக்கொண்டது.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்தவரைச் சாப்பிட அரசருக்கு இன்னும் வாய் இருந்தது.

அரசர் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். "கோரா, உன் கொல்லையில கிடந்தது. நீ சொல்லு. இது என்ன?"

கோரன் யோசித்தது. கண்ணி என்று சொன்னால், அரசருக்குக் கண்ணி வைத்தவன் என்று தன் கழுத்து போகும். முத்திரை என்று சொன்னால் கொல்லை போனது போனதுதான்.

"முத்திரைதானுங்க அரசே. வாரிசை அடையாளம் கண்டு கட்டிப் பிடிச்சிருக்கு."

நரி முதலில் கைதட்டியது. பிறகு காடே தட்டியது. அரசரும் வலியோடு தலையாட்டினார். வேறென்ன செய்வார்? இத்தனை பேர் முன்னால் ஒரு குலமுத்திரையிடம் மாட்டிக்கொண்டேன் என்று எந்த அரசர் சொல்வார்?

கூட்டம் கலைந்ததும் அரசர் மெல்லச் சொன்னார். "கழற்றுய்யா."

"எப்படி அரசே? இம்மியும் அசைக்கக்கூடாதுன்னு உங்க ஆணை இருக்கே" என்றது நரி, ஓரடி பின்னால் நகர்ந்து.

அன்றிலிருந்து அரசவை அந்தக் கொல்லையிலேயே நடக்கிறது. அரசர் அங்கேயே உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு நல்லாட்சி பற்றி எடுத்துச் சொல்கிறார். அவரைச் சுற்றி, சங்கிலி எட்டுகிற தூரத்துக்குப் புல் வட்டமாகத் தேய்ந்திருக்கிறது.

அந்த வட்டத்துக்கு ஒரு சாண் வெளியே கோரன் கிழங்கு தோண்டுகிறது. ஏட்டில் கொல்லை அரசவையுடையதுதான்; ஆனால் அரசர் நகம் எட்டுகிற பக்கம் வந்து கிழங்கைக் கேட்க யாரும் துணிவதில்லை. அரசர் உறுமினால் நிமிர்ந்து, "வாழ்க" என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொள்கிறது. இந்த வருஷம் விளைச்சல் நல்லபடி. வழக்கமாகத் திருட வருகிற முள்ளம்பன்றிகூட இப்போது அந்தப் பக்கம் தலைகாட்டுவதில்லை.

நீதி: ஆள்பவரின் பெருமையை ஒருபோதும் குலைக்காதீர்கள். அது அவரை எவ்வளவு கெட்டியாகப் பிடித்திருக்கிறதோ, அவ்வளவுக்கு உங்கள் கிழங்கு பத்திரம்.